பேருக்கு முதலாளி பெங் யூலான்

பெங் யூலான் பெயரில் ஒரு ஸ்கூட்டரைத் தவிர வேறெதுவும் கிடையாது என்றுதான் அவள் புருஷன் ஆஹொங் ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். பாவம் மனிதன். ஜுபெய் ரயில் நிலையத்துக்கும் ஷின்ஜு அறிவியல் பூங்காவுக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவன். தினமும் தன் பஸ்ஸில் ஏறி இறங்கும் எஞ்சினியர்களில் ஏழெட்டுப் பேருக்குத் தன் பெண்டாட்டிதான் முதலாளி என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே அது பாதி நாள் மறந்துபோகும்.

மறக்காமல் என்ன செய்யும்? முதலாளி செய்கிற காரியம் ஒன்றைக்கூட அவள் செய்ததில்லை. காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பாள். பதினோரு மணிக்கு, கோழிக்காலா, பன்றி விலாவா, வெறும் காய்கறியா என்று முப்பத்தொரு பேரிடமும் கேட்டு மத்தியானப் பெட்டிச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுவாள். ஏசி ஒழுகினால் ஆள் கூப்பிடுவாள். சோதனை இயந்திரத்தின் தலைமேல் இருக்கும் பச்சை நிறப் பொரிப் பொட்டலத்தைத் தேதி தாண்டுவதற்குள் மாற்றுவாள். தேதி தாண்டிய பொட்டலத்தை வைத்தால் இயந்திரம் முரண்டு பிடிக்கும் என்பது டாக்டர் பட்டம் வாங்கிய எஞ்சினியர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அவர்களோடு வாதாட இவள் யார்? இதற்கெல்லாம் மேலே அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. எழுதின காகிதம் எதைக் கண்டாலும் லேமினேட் செய்துவிடுவாள். குழாயை மூடவும், காபித்தூள் இரண்டு கரண்டிக்கு மேல் போடாதே, கதவைக் கைவிடாதே காற்று பிடுங்கிக்கொண்டு போகும் என்று சுவரெல்லாம் பளபளக்கும். "அக்கா, அசந்தா எங்களையும் அந்த மெஷின்ல விட்டு எடுத்துருவீங்க" என்று ஜிஹாவ் கேலி செய்வான். அவன்தான் இருந்ததிலேயே இளைய எஞ்சினியர், நல்ல பிள்ளை.

அவள் முதலாளியான விதம் இதுதான். நாற்பத்தாறு வயதில் பழைய கம்பெனியில் ஆட்குறைப்பு என்று வெளியே அனுப்பினார்கள். ஒன்பது மாதம் வேலை தேடி அலைந்தாள். நாற்பத்தாறு வயதுப் பொம்பளையை யார் எடுப்பார்கள்? அப்போது பழைய கம்பெனியில் பிரிவுத் தலைவராக இருந்த ஃபான் அவளை நூடுல்ஸ் கடைக்கு வரச் சொன்னார்.

"பெங் அக்கா, புதுசா கம்பெனி ஆரம்பிக்கிறோம். ஆபீஸை நீங்கதான் பார்த்துக்கணும். கூடவே ஒரு சின்ன உதவி. பேரு மட்டும் வேணும்."

"யாரு பேரு?"

"உங்க பேருதான். பதியும்போது முதலாளின்னு ஒருத்தரைக் காட்டணும். என் பேரு பழைய கம்பெனி ஒப்பந்தத்துல மாட்டிக்கிட்டிருக்கு."

"என்னைப் போய் முதலாளின்னா தெருநாய்கூட சிரிக்குமே, ஃபான் சார்."

"நாய் பத்திரத்தைப் பார்க்காதுக்கா. அதிகாரிதான் பார்ப்பான். அவன் சிரிக்க மாட்டான்."

அவள் யோசித்துப் பார்த்தாள். சந்தையில் மீன்கடை மச்சினி பெயரில் ஓடுகிறது. எதிர்வீட்டுக்காரன் வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. இந்தத் தீவில் பெயரை இரவல் கொடுக்காதவர் யார்? கையெழுத்துப் போட்டாள். மறுநாளே வேலை கிடைத்தது. ஆஹொங்கிடம் வேலை கிடைத்ததை மட்டும் சொன்னாள். மற்றதைச் சொன்னால் நூறு கேள்வி கேட்பான் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் இது மீன்கடை இல்லை. கம்பெனியின் நிஜ முதலாளி அந்தக் கரையில், கடல் தாண்டி இருக்கும் பெரிய நாட்டில் இருந்தார். அந்தக் கரைப் பணம் இந்தக் கரையின் சிப் கம்பெனிக்குள் நுழைய வேண்டுமென்றால் அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்காது. அதனால் கேட்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். அந்தச் சட்டத்தைச் சும்மா விளையாட்டுக்குப் போட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தத் தீவு மூச்சு விடுவதே அந்த நகத்தளவு சிப்பால்தான். அதை வரைகிற மூளைகளை அந்தக் கரை ஓசையில்லாமல் அள்ளிக்கொண்டு போனால் நாளைக்கு நாம் எதை வைத்துப் பிழைப்பது என்று அரசாங்கம் பயப்படுவதில் தப்பென்ன இருக்கிறது? தப்பு எங்கே என்றால், இதையெல்லாம் யூலானுக்கு ஒருத்தரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இரண்டாவது வருஷத்தில் "வாடிக்கையாளர்" என்று ஒருவர் வந்தார். பெயர் ஷி குவாங்யாவோ, ஊர் வூஷி. நரைத்த கிராப்பு, மெதுவான பேச்சு. ஃபான் மேனேஜர் அவருக்கு முன்னால் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தே அவர் யாரென்று யூலான் புரிந்துகொண்டாள். அன்று பார்த்து மாதத்தின் பதினாறாம் தேதி. பிறை பார்த்து எண்ணும் இரண்டாம் தேதியும் பதினாறாம் தேதியும் பூமிச்சாமிக்குப் படையல் வைக்காத கம்பெனி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. யூலான் கார் நிறுத்துமிடத்தில் மடக்கு மேஜையைப் போட்டு, பழமும் பிஸ்கட்டும் தேநீரும் அடுக்கி, ஊதுபத்தியோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஷி பக்கத்தில் வந்து நின்றார்.

"சாமிகிட்ட என்ன சொல்றீங்க?"

"கம்பெனி பேரு, விலாசம், முதலாளி பேரு எல்லாம் சொல்லணும் சார். இல்லன்னா எந்த வீட்டுக்கு நல்லது பண்றதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? இந்தத் தெருவுல மட்டும் பதினாலு கம்பெனி இருக்கு."

"சரி, முதலாளி பேரு யாருன்னு சொன்னீங்க?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "நிஜத்தைச் சொல்லட்டுமா? ஒரு பேரும் சொல்லல சார். என் பேரைச் சொன்னா பொய்யாயிடும். உங்க பேரு வாயிலேயே வரக்கூடாதுன்னு ஃபான் சார் சொல்லியிருக்காரு. அதனால அந்த இடம் வந்ததும் இருமிடுவேன்."

ஷி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஊரில் இந்தப் படையல் வழக்கமெல்லாம் அவர் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டதாம். யூலான் கையிலிருந்த சாப்பாட்டுச் சீட்டை வாங்கி, அதன் பின்பக்கத்தில் தன் பெயர், பிறந்த தேதி, பிறந்த நேரம், வூஷி வீட்டு விலாசம், "இந்தக் கம்பெனியின் உரிமையாளர்" எல்லாவற்றையும் சொந்தக் கையால் எழுதினார்.

"இனிமே இரும வேண்டாம். சாமிக்குத் தெரிஞ்சா தப்பில்ல. அவர் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டார்."

என்ன மனிதர் பாருங்கள்! பணத்தை மூன்று ஊர் சுற்ற வைத்து, ஒரு காகிதத்திலும் தன் பெயர் வராமல் பார்த்துக்கொண்டவர். ஒரு பிஸ்கட் தட்டுக்கு முன்னால் அத்தனையையும் கொட்டிவிட்டார். யூலானோ அந்தச் சீட்டை என்ன செய்தாள் என்று சொல்லவும் வேண்டுமா? நேரே மாடிக்குப் போய் லேமினேட் செய்தாள். அதற்கப்புறம் நாலு வருஷம், மாதம் இரண்டு தடவை, அதைப் பார்த்துப் பிசகில்லாமல் படித்தாள்.

நிலாப் பண்டிகைக்கு மறுநாள் அது. பம்பளிமாசுப் பழங்களைக் குவித்துப் படையல் வைத்திருந்தாள். காற்றுக்காலம் தொடங்கியிருந்ததால் தட்டுகளின்மேல் கல் வைக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் இரண்டு கார்கள் வந்து நின்றன. விசாரணைத் துறை ஆட்கள் ஆறு பேர் இறங்கினார்கள். ஐந்து பேர் மாடிக்குப் போனார்கள். ஜியன் என்கிற மூத்த அதிகாரி மட்டும் அவளிடம் வந்தார்.

"பெங் யூலான் நீங்கதானே? மேல வரணும்."

"ஊதுபத்தி முக்காவாசியாவது எரியணும் சார். பாதியில விட்டுட்டு வரக்கூடாது."

வேறு ஊராக இருந்தால் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். ஜியன் பத்தியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். கடைசியாக ஒரு தடவை கம்பெனி விவரத்தைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். பயத்தில் அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. லேமினேட் செய்த அந்த அட்டையை எடுத்தாள், படித்தாள், மெதுவாகக்கூட இல்லை. காற்றில் சாமிக்குக் கேட்க வேண்டாமா என்று உரக்கவே படித்தாள். தன் வீட்டுப் பேச்சான ஹக்கா மொழியில் படித்தாள். ஜியனும் ஹக்காக்காரர்தான்.

பத்தி முக்கால் எரியும்வரை அவர் காத்திருந்தார். பிறகு கேட்டார். "இந்தக் கம்பெனி யாரோடதுங்க?"

"என்னோடது சார்." ஃபான் அவளுக்கு அதைப் பத்து தடவையாவது சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அப்ப ஷி குவாங்யாவோ?"

"அது... சாமிக்குச் சொன்னது."

"சாமிக்குச் சொன்னது நிஜமா, எனக்குச் சொன்னது நிஜமா?"

அவர் கையை நீட்டினார். அவளும் வெண்டைக்காய்க்குக் காசு கொடுப்பதுபோல அட்டையைக் கொடுத்துவிட்டாள். அந்தக் கரையில் வழக்கமான, கோடு குறைத்த எழுத்தைப் பார்த்ததுமே அது அந்தக் கரை ஆள் கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்னொருத்தியாக இருந்தால் அதை நெருப்பில் போட்டிருப்பாள். இவள் லேமினேட் செய்து வைத்தாளே, எங்கே எரியும்?

விசாரணை அறையில் ஃபான் ஏற்பாடு செய்த வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தை நிலம் விற்ற பணத்தில் கம்பெனி ஆரம்பித்ததாக யூலான் சொன்னாள். அத்தை பெயரைக் கேட்டபோது அவளுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

"சரி, உங்க கம்பெனி என்ன தயாரிக்குது?" என்றார் ஜியன்.

"சிப்."

"என்ன சிப்?"

"சின்ன சிப் சார்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜியன் சிரிக்கவில்லை. "பெங் அக்கா, இது பிக்பாக்கெட் கேஸ் இல்ல. உங்க பேருல இருக்கறதால உள்ள போகப்போறது நீங்க. அது உங்களுக்குப் புரியுதா?" என்றார். புரிந்தது. ஆனாலும் அவளுக்கு வேறொன்றுதான் பெரிதாகப் பட்டது. வேலையில்லாமல் கிடந்த ஒன்பது மாதத்தில் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் ஃபான். அவரைக் காட்டிக்கொடுத்தால் சோற்றில் கை வைக்க முடியுமா? என்னோடது, என்னோடது என்று சாயங்காலம்வரை சொன்னாள்.

விசாரணை அலுவலக வாசலில் ஆஹொங் நின்றுகொண்டிருந்தான், பஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல். கையில் வறுத்த அரிசி நூடுல்ஸ் பொட்டலம்.

"வாங்க முதலாளியம்மா. காரைக் கூப்பிடட்டுமா, ஸ்கூட்டர் போதுமா?"

"ஆஹொங், நான் சொல்றதைக் கேளு..."

"நான் கேக்கறேன், நீ சொல்லு. ஆறு வருஷமா தேய்ஞ்ச செருப்பை ஒட்டி ஒட்டிப் போடறேன். முப்பத்தொரு எஞ்சினியருக்கு என் பெண்டாட்டி முதலாளி! அந்த அதிகாரி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? என்னை என்னன்னு நினைச்சே?"

அவள் அழுதாள். அவனும் கண் கலங்கினான், ஆனால் திட்டுவதை நிறுத்தவில்லை. பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து நூடுல்ஸைப் பிரித்து அவள் மடியில் வைத்தான். "சாப்பிடு முதல்ல. ஜெயில்ல இதைக் குடுக்க மாட்டாங்க" என்றான். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே இருந்தான்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஜியன் எதையும் கேட்கவில்லை. ஃபானின் வாக்குமூலத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். நான் சம்பளக்காரன் மட்டுமே. கம்பெனியை நடத்தியது பெங் யூலான். ஆட்களை எடுத்தது அவர். அந்தக் கரையோடு அவருக்கு என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியாது. அந்த அட்டை ஒரு படிக்காத பெண்ணின் மூடநம்பிக்கை, அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இப்படியே ஒன்றரைப் பக்கம். கீழே ஃபானின் கையெழுத்து, அழகாக, நிதானமாக.

யூலான் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டாள். அதைக் குடித்தாள். பக்கத்தில் இருந்த வக்கீலைப் பார்த்து, "நீங்க எழுந்து வெளியில போங்க. உங்களை வெச்சது நான் இல்ல" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "போங்கன்னு சொன்னேன்ல!" என்று அவள் போட்ட சத்தம் வராந்தாவரைக்கும் கேட்டதாம். அந்த மனுஷி ஆறு வருஷத்தில் அந்தக் குரலை யாரிடமும் எடுத்ததில்லை.

பிறகு நூடுல்ஸ் கடையிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னாள். வயிறெரிந்து சொன்னாள். காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள், அவனோ முதல் நாளே எழுதிக்கொடுத்துவிட்டான்.

வழக்கு அரசு வழக்கறிஞர் கைக்குப் போயிற்று. நாற்பது வயதுப் பெண்மணி, கறார்ப் பேர்வழி. ஃபான் தரப்பு அந்த அட்டையை மூடநம்பிக்கை என்று தள்ளப் பார்த்தபோது அவர் சொன்னாராம்: "இந்த ஊர்ல வரி ஆபீசுக்குப் பொய் சொல்லுவாங்க, பெண்டாட்டிக்குப் பொய் சொல்லுவாங்க. பூமிச்சாமிக்குத் தப்பு விலாசம் குடுத்த ஒரு கம்பெனியைக் காட்டுங்க, கேஸை மூடிடறேன்." அவருடைய கைப்பையிலேயே கோவில் தாயத்து தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபான் மேல் குற்றச்சாட்டு பதிவானது. யூலான் மேல் ஒரு வருஷத்துக்கு வழக்கை நிறுத்திவைத்தார்கள். நாற்பது மணி நேரம் பூங்கா பெருக்க வேண்டும், அது பரவாயில்லை. முக்கியமான நிபந்தனை வேறு. அந்தக் கம்பெனிக்கு முதலாளி தான் இல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். இனி எந்த இடத்திலும் முதலாளியாக நடந்துகொள்ளக் கூடாது. நடந்தால் நிறுத்திவைத்த வழக்கு எழுந்துகொள்ளும். ஆஹொங் அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்துவிட்டு, "அப்பாடா, இனி நீ சாதாரணப் பொம்பளை" என்றான்.

கம்பெனியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மூடினால் முப்பத்தொரு பேருக்கும் வேலை போகும். போன வேலைக்கு அரசாங்கம் சில மாதம் உதவித்தொகை தரும். ஆனால் தானாக விலகியவனுக்குத் தராது, வேலை பறிபோனவனுக்குத்தான் தரும். அதற்குக் கம்பெனி சான்று கொடுக்க வேண்டும். இதில் ஃபானின் வக்கீல் ஒரு காரியம் செய்தார். நான் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று அச்சடித்த தாளை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். ஆட்கள் தாங்களாகவே போய்விட்டார்கள் என்றால் ஃபானுக்கு ஒரு தலைவலி குறையும்.

ஜிஹாவ்தான் போன் செய்தான். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம்.

"அக்கா, தொழிலாளர் ஆபீசுல கேட்டேன். அந்த விலகல் தாள்ல கையெழுத்துப் போட்டுடாதேங்கறாங்க. கம்பெனி சான்று இல்லாட்டி அவங்களே விசாரிச்சு முடிவெடுப்பாங்களாம். அஞ்சு மாசம், ஆறு மாசம் ஆகுமாம். சான்றுக்கு முத்திரை வேணும். யாருகிட்ட கேக்கறது?"

"ஃபான் சாரைக் கேளு."

"கேட்டேன். நான் சம்பளக்காரன், எனக்கு அதிகாரம் இல்லைன்னுட்டாரு."

சாமர்த்தியம்தான். ஷி குவாங்யாவோவின் எண்ணோ உபயோகத்தில் இல்லை. நல்ல மனிதர்தான், மெதுவாகப் பேசுகிறவர், ஆனால் ஒரு வார்த்தைகூட எழுதிப் போடாமல் காணாமல் போய்விட்டார். தொழிலாளர் அலுவலகக்காரர்களின் பட்டியலில் அந்தக் கம்பெனிக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதே வாரம் விசாரணைக்காக எடுத்துக்கொண்டு போன கம்பெனி முத்திரையும் காகிதப் பையில் திரும்பி வந்தது. மேலே எழுதியிருந்தது: பொறுப்பாளர் பெங் யூலான் அவர்களுக்கு. அரசாங்கத்துக்கும் வேறு விலாசம் கிடைக்கவில்லை போலும்.

யூலான் அந்தப் பையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். இலவச சட்ட உதவிக்காரரிடம் கேட்டாள். "தொடாதீங்க. தொட்டா நீங்களே முதலாளின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். ஜியனுக்கு போன் செய்தாள். அவர், "போடுங்கன்னும் என்னால சொல்ல முடியாது, போடாதீங்கன்னும் சொல்ல முடியாதுக்கா" என்றார்.

ஆஹொங் மட்டும் தெளிவாகச் சொன்னான். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? இப்பத்தான் தப்பிச்சு வந்தே. அவங்க எல்லாம் படிச்ச பிள்ளைங்க, இந்த ஊர்ல வேற வேலை கிடைக்காமலா போயிடும்?"

"அந்தக் கரைக் கம்பெனியில வேலை பார்த்தவன்னு பேரு ஒட்டிக்கிச்சு. போன மாசத்துலேருந்து ஒருத்தனுக்கும் நேர்காணல்கூட வரல."

"அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"ஒன்பது மாசம் வீட்டுல இருந்தேனே, நான் எப்படி இருந்தேன்னு நீ பார்த்தேல்ல?"

அவன் பார்த்திருந்தான். வியாழக்கிழமை பஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு அவனே அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

தொழிலாளர் அலுவலகத்து வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. முப்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். சிலர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வூ என்கிற மூத்த எஞ்சினியர் எல்லோருக்கும் முன்னால், "அந்த அட்டையை மட்டும் நீங்க வெச்சிருக்கலேன்னா இந்நேரம் நாங்க ஆபீசுல இருந்திருப்போம்" என்றார். ஆஹொங் பொங்கி எழுந்தான். யூலான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருந்திருப்பீங்க வூ சார். வருத்தம்தான். உங்க தாளைக் குடுங்க."

மைப்பெட்டியைத் திறந்தாள். ஆறு வருஷத்தில் அந்த முத்திரையை அவள் கையால் தொட்டதே இல்லை, அது எப்போதும் ஃபானின் மேஜை இழுப்பறையில்தான் இருக்கும். முதல் தாளில் கோணலாக விழுந்தது. வூ அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, எழுத்து தெரியுது" என்றார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. விலகும் காரணம்: கம்பெனி மூடப்பட்டது. அந்தக் கட்டத்தில் ஒரு குறி, கீழே முத்திரை, பக்கத்தில் பெங் யூலான். முப்பத்தொரு தடவை. ஜிஹாவின் முறை வந்தபோது அவன் தாளை நீட்டாமல் நின்றான்.

"அக்கா, உங்களுக்குச் சிக்கல் வராதுங்களா?"

"வரும். நீ தாளைக் குடு. பின்னாடி ஆள் நிக்கறாங்க பாரு."

சிக்கல் வராமல் இருக்குமா? பன்னிரண்டாம் நாள் அரசு வழக்கறிஞரிடமிருந்து அழைப்பு வந்தது. யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள், யாரென்று நானும் நீங்களும் ஊகிக்கலாம். கடைசியில் நிறுத்திவைத்த வழக்கு நின்றபடியே இருந்தது, அவள் ஜெயிலுக்குப் போகவில்லை, பூங்காவைத்தான் பெருக்கினாள். ஆனால் அன்றைக்கு அந்த அறைக்குள் போகும்போது அவளுக்கு அது தெரியாது. மாற்றுத் துணியும் பல்துலக்கியும் பையில் வைத்துக்கொண்டுதான் போனாள்.

முப்பத்தொரு சான்றின் நகல்களும் மேஜையில் அடுக்கியிருந்தன. வழக்கறிஞர் முதல் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"இதுல பொறுப்பாளர்னு முத்திரை போட்டது நீங்களா?"

"ஆமாங்க."

"இந்தக் கம்பெனி உங்களோடது இல்லன்னு இதே அறையில சொன்னீங்க. சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"அப்புறம் எந்த உரிமையில இதைப் போட்டீங்க? இப்பச் சொல்லுங்க, இந்தக் கம்பெனிக்கு யார்தான் முதலாளி?"

யூலான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அதை நீங்கதான் விசாரிச்சு முடிவு பண்ணணும்மா. எனக்கு உரிமை இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு முப்பத்தொரு பேரு வராந்தாவுல முதலாளிக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க. வேற யாரும் வரல."